ஆணி குறைந்த அலமாரி

நுழையும்முன்

இக்காலத்தில் கடையில் வாங்கும் அலமாரி பெரும்பாலும் அலமாரியாக வீட்டுக்கு வருவதில்லை. பலகைகளாகவும் திருகாணிகளாகவும் பிரிந்து, ஒரு தட்டையான அட்டைப்பெட்டிக்குள் வருகிறது. அவற்றைப் பொருத்தி நிறுத்துவது நம் பொறுப்பு. பெட்டியைத் திறக்கும்போது சில பாகங்கள் குறைந்திருந்தால் என்ன செய்வது? திருப்பி அனுப்புவதா? புதிதாக வாங்குவதா? இருப்பதைச் செப்பனிடுவதா? கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், சாந்தன்பாறையில் வாழ்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டில் இந்தக் கேள்வி எழுந்தது. அவ்வீட்டுப் பிள்ளை, வளர்ந்தபின் அதை நினைவுகூர்வதாக இப்பாடம் அமைந்துள்ளது.

ஆணி குறைந்த அலமாரி

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். என் பெற்றோர் போடிநாயக்கனூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்து, சாந்தன்பாறையில் ஓர் ஏலத்தோட்டத்தில் வேலை செய்தனர். தோட்டத்து லயத்தில் எங்களுக்கு ஒரு வீடு. ஜூன் மாதத்தில் மழை பிடித்துக்கொண்டால் அவ்வீட்டின் தரையும் சுவரும் வியர்க்கும். தரையில் அடுக்கி வைத்த என் புத்தகங்களின் ஓரங்கள் அலையலையாக நெளிந்துவிடும். சென்ற ஆண்டுச் சமூக அறிவியல் புத்தகத்தில் பூஞ்சணம் பூத்ததைக் கண்ட அம்மா, "அடுத்த மழைக்குள் ஓர் அலமாரி வாங்கிவிட வேண்டும்" என்றார். அந்த ஆண்டு ஏலக்காய் பறித்த கூலியில் மிச்சம் பிடித்து, கைப்பேசி வழியாக அலமாரிக்குச் சொல்லியும் விட்டார்.

பெட்டி ஒரு சனிக்கிழமை வந்தது. வண்டி சந்திப்போடு நின்றுவிட்டதால், அங்கிருந்து தோட்டத்து ஜீப்பில் ஏற்றி வந்தோம். அப்பாவும் நானும் முன்னும் பின்னும் பிடித்து வீட்டுக்குள் இறக்கினோம். உள்ளே வெண்ணிறப் பலகைகள், இரண்டு கதவுகள், ஒரு மெல்லிய பின்பலகை, ஒரு விளக்கத்தாள், ஒரு சிறிய நெகிழிப்பை ஆகியவை இருந்தன. விளக்கத்தாளில் ஒவ்வொரு பாகத்தின் படமும் எண்ணிக்கையும் அச்சிடப்பட்டிருந்தன. பன்னிரண்டு இருக்க வேண்டிய வட்டப் பூட்டுகள் ஒன்பதே இருந்தன. அலமாரியைச் சுவரோடு பிணைக்கும் இரும்புத் துண்டும் இல்லை. பையை உதறினோம், பெட்டியைக் கவிழ்த்தோம். தக்கைத் துகள்தான் கொட்டியது.

அப்பா விற்பனையாளரைத் தொலைபேசியில் அழைத்தார். மறுமுனையில் பேசியவர் கனிவாகத்தான் பேசினார். "பாகங்களை மட்டும் தனியே அனுப்ப இயலாது, ஐயா. பெட்டியை முழுவதுமாகத் திருப்பித் தந்தால் வேறு பெட்டி அனுப்புவோம். ஆனால் உங்கள் ஊருக்கு வந்து எடுத்துச் செல்லும் வசதி எங்களிடம் இல்லை, நீங்கள்தான் போடிக்குக் கொண்டுவந்து தர வேண்டும்" என்றார். போடிமெட்டு மலைச்சாலையில் பதினேழு கொண்டையூசி வளைவுகள் உள்ளன. அந்த வழியே ஒரு பெட்டியை இறக்கி, இன்னொரு பெட்டியை ஏற்றிக்கொண்டு வர வேண்டும். ஜீப் வாடகையும் இருவரின் ஒரு நாள் கூலியும் சேர்ந்தால் அலமாரியின் விலையில் பாதியைத் தொட்டுவிடும். மூன்று பூட்டுகளோ, சேர்த்து வைத்தாலும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பலகை இருக்கிறது, ஆணி நம் வீட்டிலேயே இருக்கிறது" என்று சொல்லிச் சுத்தியலை எடுத்தார். நடுத்தட்டின் ஒரு முனையில், பூட்டு இல்லாத இடத்தில், பக்கப்பலகையின் வெளியிலிருந்து இரண்டரை அங்குல ஆணி ஒன்றை அடித்தார். நான்காவது அடியில் நடுத்தட்டின் விளிம்பு, பிளந்த ரொட்டியைப்போல் இரண்டாகப் பிரிந்தது. உள்ளிருந்து பொடிப்பொடியாக மரத்துகள் உதிர்ந்தது. அப்பா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். அன்று இரவு யாரும் அலமாரியைப் பற்றிப் பேசவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. போடியிலிருந்து என் மாமா வந்தார். அம்மாவின் தம்பி, தச்சுவேலை செய்பவர். பிளந்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "மச்சான், இது தேக்கு இல்லை. தேக்கு என்றால் ஆணியைப் பிடித்துக்கொள்ளும். இது பொடியை ஒட்டிச் செய்த பலகை" என்றார்.

"எல்லாம் இந்தக் கம்பெனிக்காரர்கள் செய்த வேலை, மாப்பிள்ளை" என்றார் அப்பா.

"பூட்டைத் தவறவிட்டது அவர்கள். விளிம்பைப் பிளந்தது யார்?" என்று மாமா கேட்டதும் அம்மா சிரித்துவிட்டார், பின்னர் அப்பாவும் சிரித்தார்.

மாமா சொன்ன பலகையைக் கடைகளில் 'பார்ட்டிகிள் போர்டு' என்பார்கள். தமிழில் துகள்பலகை எனலாம். மரச்சீவல்களையும் தூளையும் செயற்கைப் பசையோடு கலந்து, சூட்டிலும் அழுத்தத்திலும் தகடாக்கி, மேலே ஒரு மெல்லிய உறையை ஒட்டுவார்கள். மரத்துக்கு நார் உண்டு; அது ஆணியை இருபுறமும் நெருக்கிப் பிடிக்கும். துகள்பலகைக்கு நீண்ட நார் இல்லை. அதன் முகப்பைவிட விளிம்பு இன்னும் வலுவற்றது. ஆகவே இதில் ஆணி அடிப்பதில்லை. தொழிற்சாலையிலேயே அளந்து இட்ட துளைகளில் பாகங்களைச் செருகிப் பூட்டுவார்கள். இத்தகைய அலமாரியின் உயிர் அந்தத் துளையில்தான் இருக்கிறது. திருகாணி தொலைந்தால் வேறு வாங்கலாம். துளை சிதைந்தால் அந்தப் பலகையில் அதே இடத்தில் இன்னொன்று இட முடியாது.

எங்கள் பெட்டியில் குறைந்திருந்த வட்டப் பூட்டைத் தச்சர்கள் 'மினிபிக்ஸ்' என்று அழைக்கின்றனர். அது வேலை செய்யும் முறை எளியது. பக்கப்பலகையில் தலையுடைய ஒரு கம்பித் திருகைப் பொருத்துவார்கள். அதன் தலை, குறுக்குப் பலகையின் விளிம்புத் துளை வழியே உள்ளே நீளும். குறுக்குப் பலகையின் அடிப்புறத்தில் உள்ள வட்டக் குழியில் பூட்டை இறக்கித் திருப்புளியால் ஏறத்தாழ அரைச்சுற்றுத் திருப்பினால், பூட்டுக்குள் இருக்கும் மையம் விலகிய வளைவு அந்தத் தலையைக் கவ்வி இழுக்கும். இரண்டு பலகைகளும் இறுகச் சேர்ந்துவிடும். வார்ப்புத் துத்தநாகத்தில் செய்த சிறு பொருள் அது. ஓங்கித் திருகினால் உடையும்.

"இதை அந்தக் கம்பெனி மட்டும்தான் செய்யுமா, மாமா?" என்று கேட்டேன்.

"அப்படித்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். உன் வடிவியல் பெட்டியை எடுத்து வா, பாப்பா" என்றார்.

கவராயத்தின் இரு முனைகளையும் குழியின் எதிரெதிர் விளிம்புகளில் வைக்கச் சொன்னார். பிறகு அதை அப்படியே தூக்கி அளவுகோலின் மேல் வைத்தேன்: 15 மில்லிமீட்டர். தீக்குச்சியைக் குழிக்குள் இறக்கி, நகத்தால் அடையாளமிட்டு ஆழம் பார்த்தேன்: 12 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். பலகையின் தடிமன் 16. குழியின் மையத்திலிருந்து விளிம்பு வரை 34. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினேன். அத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்ட மாமா, இருந்த ஒன்பது பூட்டுகளில் ஒன்றையும் மாதிரிக்காக எடுத்துக்கொண்டார்.

எனக்கு அன்று விளங்காத ஒன்று பின்னாளில் விளங்கியது. இவ்வகை அறைகலன்களைச் செய்யும் ஆலைகள் வெவ்வேறு நாடுகளில் இருந்தாலும், அவற்றின் துளைகள் பெரும்பாலும் ஒரே அளவு முறைமையைப் பின்பற்றுகின்றன. தட்டுகளைத் தாங்கும் முளைகளுக்கான துளை 5 மில்லிமீட்டர். அத்துளைகளுக்கு இடையே 32 மில்லிமீட்டர். கதவுக் கீலின் கிண்ணக் குழி 35. மினிபிக்ஸ் பெரும்பாலும் 15. அதன் மையத்திலிருந்து விளிம்புக்குப் பெரும்பாலும் 24 அல்லது 34. பார்ப்பதற்கு எங்குமே கிடைக்காத விந்தைப் பொருள்போல் தோன்றும் பூட்டு, சிறு நகரத்து இரும்புக்கடையிலும் கிடைப்பது இதனால்தான். ஆனால் "அலமாரிக்கு ஒரு பூட்டு கொடுங்கள்" என்று கேட்டால் கடைக்காரர் தொங்குபூட்டைத்தான் எடுத்துக் காட்டுவார். அளவைச் சொல்ல வேண்டும்.

அன்று மாமா இன்னொரு வேலையும் செய்தார். பிளந்த விளிம்பை மெல்ல விரித்து, ஊசியில்லாத மருந்துக் குழலால் வெள்ளைப் பசையை உள்ளே செலுத்தினார். இருபுறமும் நெகிழித்தாள் வைத்து, இரண்டு கட்டைகளுக்கு இடையே அதை நெருக்கி, கயிறு சுற்றி, கயிற்றுக்குள் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினார். "அடுத்த ஞாயிறு வரை யாரும் தொடக்கூடாது" என்று சொன்னபோது அவர் அப்பாவைத்தான் பார்த்தார்.

புறப்படும் முன் பக்கத்து வீட்டு அத்தை வந்து, "தம்பி, எங்கள் டிவி மேசையையும் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போங்கள்" என்றார். அதுவும் துகள்பலகைதான், அதில் ஒரு திருகாணிகூடக் குறையவில்லை. ஆனால் இரண்டு மழைக்காலம் ஈரத்தரையில் நின்றதால் அதன் கீழ்ப்பலகை நனைந்த பிஸ்கட்டைப்போல் உப்பியிருந்தது. மாமா திருப்புளியை ஒரு துளையில் வைத்து அழுத்தினார். அது தடையின்றி உள்ளே போயிற்று. "அக்கா, இதைச் செப்பனிடுகிறேன் என்று காசு வாங்கினால் நான் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். தண்ணீர் குடித்து உப்பிய துகள் மறுபடி பழைய நிலைக்கு வராது. கீல், கைப்பிடி, சக்கரம் இவற்றை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து எது வாங்கினாலும் காலுக்குக் கீழே ஓடு வைத்து நிறுத்துங்கள்" என்றார். அத்தைக்கு மனமில்லை. விலை கொடுத்து வாங்கியதல்லவா? அந்த மேசை இன்னொரு மழையையும் பார்த்தது. பிறகு ஒருநாள் டிவியோடு சாய்ந்தது. நல்லவேளையாக அப்போது அருகில் யாரும் இல்லை.

ஒரே நாளில், ஒரே சுவரின் இரு பக்கங்களில், மாமா இருவேறு தீர்ப்புகள் சொன்னார். பாகம் இல்லாதது எங்கள் வீட்டில். ஆனால் பலகை நன்றாக இருந்தது. எல்லாப் பாகங்களும் இருந்தது அத்தை வீட்டில். ஆனால் பலகை போய்விட்டது.

மறு ஞாயிறு மாமா மூன்று மினிபிக்ஸ் பூட்டுகளையும், எல் வடிவ இரும்புகள் இரண்டையும், சில திருகாணிகளையும் கொண்டுவந்தார். எல்லாம் சேர்த்துத் தொண்ணூறு ரூபாய்க்கும் குறைவு. ஒட்டிய விளிம்பைத் தட்டிப் பார்த்தார். பசை நன்றாகப் பிடித்திருந்தது. ஆனாலும் அவர் அதை நம்பவில்லை. "காயம் ஆறிவிட்டது. அதற்காக அதே இடத்தில் சுமையை ஏற்றக்கூடாது" என்று, அந்த முனையில் பூட்டை விடுத்து, தட்டின் அடியில் எல் வடிவ இரும்பை வைத்தார். 16 மில்லிமீட்டர் பலகைக்கு 12 மில்லிமீட்டர் திருகாணி. நீளமானதைப் போட்டால் மறுபக்கம் துளைத்து வெளிவரும். மற்ற இரண்டு இடங்களில் பூட்டுகள் கச்சிதமாகப் பொருந்தின. திருப்பும்போது எழுந்த அந்த மெல்லிய நெருக்கத்தை என் விரலே உணர்ந்தது.

பின்பலகையை அடிக்கும் முன் மாமா கயிற்றால் அலமாரியின் இரு மூலைவிட்டங்களையும் அளந்தார். ஒன்று மற்றதைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாக இருந்தது. "செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் எப்படி இருக்கும், பாப்பா?" என்றார். "சமமாக இருக்கும்" என்றேன். நீண்ட மூலையை அப்பா மெல்லத் தள்ள, இரண்டும் சமமாயின. பிறகே சிற்றாணிகள் ஏறின. பின்பலகை வெறும் தூசு மறைப்பு என்று அதுவரை நினைத்திருந்தேன். அலமாரி பக்கவாட்டில் சாயாமல் பிடித்து நிறுத்துவது அதுதான் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

இறுதியாகச் சுவரில் துளையிட்டு, ராவல்பிளக் எனப்படும் நெகிழி உறையை இறக்கி, இரண்டாவது இரும்பால் அலமாரியைச் சுவரோடு பிணைத்தார். பூட்டுக் குறைந்ததற்குக் கோபப்பட்ட அப்பா, இந்த இரும்பு குறைந்ததைப் பெரிதாக எண்ணியிருக்கவில்லை. மாமாவோ, "இது இல்லாமல் அலமாரியை நிறுத்தவே கூடாது, பிள்ளைகள் கதவைப் பிடித்துத் தொங்குவார்கள்" என்றார். அவர் சொன்னது வெறும் அச்சமன்று. 2016-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், சுவரோடு பிணைக்காத இழுப்பறைப் பெட்டிகள் கவிழ்ந்து குழந்தைகள் இறந்ததை அடுத்து, ஐக்கியா நிறுவனம் அமெரிக்காவில் ஏறத்தாழ 2 கோடியே 90 இலட்சம் பெட்டிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. குறைந்திருப்பது எந்தப் பாகம் என்பது, எத்தனை பாகம் என்பதைவிட முதன்மையானது. கட்டிலின் நடுச்சட்டத்தைத் தாங்கும் பாகமோ சுவர்ப் பிணைப்போ இல்லையென்றால், அது கிடைக்கும் வரை அப்பொருளைப் பயன்படுத்தக் கூடாது.

இவ்வளவையும் படித்த நீங்கள், பாகம் குறைந்தால் விற்றவரைக் கேட்கவே வேண்டாம் என்று எண்ணிவிடக் கூடாது. முதலில் கேட்க வேண்டியது அவரைத்தான். சில பெரிய நிறுவனங்கள் சிறு திருகாணிகளையும் பூட்டுகளையும் விலையின்றியே அனுப்புகின்றன. குறையுள்ள பொருளை மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ கேட்கும் உரிமையை, 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 நமக்கு அளிக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பழுதுபார்க்கும் உரிமைக்கென நடுவண் அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையத்தளத்தையும் தொடங்கியது. வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டுச் சாதனங்கள், ஊர்திகள் ஆகியவற்றை முன்வைத்தே அது தொடங்கப்பட்டது. அலமாரிக்கும் கட்டிலுக்கும் அதில் தனி இடம் இருந்திருந்தால், எங்களைப்போல் மலைமேல் வாழ்பவர்களுக்கு எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும்.

அலமாரி நின்றது. அம்மா முதலில் வைத்தது என் சமூக அறிவியல் புத்தகம். வாங்கிய மூன்று பூட்டுகளில் ஒன்று மீந்துவிட்டது. மாமா அதை ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு, நான் அளவெழுதிய தாளையும் மடித்து அதனுள் வைத்து, கதவின் உட்புறத்தில் ஒட்டினார். இப்போது நாங்கள் லயத்தைவிட்டு வேறு வீட்டுக்கு வந்துவிட்டோம். அலமாரியைக் கழற்றி, ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவந்து, மறுபடி பொருத்தியவர் அப்பா. சுத்தியலை அவர் எடுக்கவே இல்லை.

தெரிந்துகொள்வோம்

பிரித்து அனுப்பிப் பொருத்திக்கொள்ளும் அறைகலன் புதிய எண்ணமன்று. வியன்னாவைச் சேர்ந்த மைக்கேல் தோனெட் 1859-இல் உருவாக்கிய 14-ஆம் எண் நாற்காலி ஆறு மரத்துண்டுகளும் பத்துத் திருகாணிகளும் இரண்டு மரைகளும் கொண்டது. முப்பத்தாறு நாற்காலிகளைப் பிரித்து ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் அடக்கிக் கப்பலேற்றினர். 1956-இல் சுவீடனில், ஐக்கியாவின் வடிவமைப்பாளர் கில்லிஸ் லுண்ட்கிரென், காருக்குள் அடங்காத மேசையின் கால்களைக் கழற்றி ஏற்றியதிலிருந்து அந்நிறுவனத்தின் தட்டைப்பெட்டி முறை வளர்ந்ததாகக் கூறுவர். இந்தியாவில் அதன் முதல் கடை 2018 ஆகஸ்டில் ஐதராபாத்தில் திறக்கப்பட்டது.

சொல்லும் பொருளும்

அறைகலன் – மேசை, நாற்காலி, கட்டில் போன்ற வீட்டுப் பொருள்
லயம் – தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடு
கீல் – கதவு திரும்ப உதவும் இணைப்பு
மரை – திருகாணியின் முனையில் சுற்றிப் பூட்டும் துண்டு
கவராயம் – இரு கூர்முனைகளால் தொலைவை அளக்கும் கருவி
மூலைவிட்டம் – எதிரெதிர் மூலைகளை இணைக்கும் கோடு
பூஞ்சணம் – ஈரத்தில் படரும் பூசணம்

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. பெட்டியில் குறைந்திருந்த பாகங்கள் யாவை?
2. நடுத்தட்டின் விளிம்பு ஏன் பிளந்தது? துகள்பலகையின் இயல்பைக் கொண்டு விளக்குக.
3. பக்கத்து வீட்டு மேசையைச் செப்பனிட மாமா மறுத்தது ஏன்?
4. மூன்று பூட்டுகள் வாங்கியும் ஒன்று மீந்தது எவ்வாறு?

ஆ. பிரித்து எழுதுக.
திருகாணி, ஏலத்தோட்டம், கீழ்ப்பலகை, மரத்துகள்

இ. சொற்றொடரில் அமைத்து எழுதுக.
மிச்சம் பிடித்தல், கச்சிதமாக, நல்லவேளையாக

ஈ. செய்து பார்க்க.
உங்கள் வீட்டிலுள்ள ஓர் அலமாரி அல்லது மேசையில் வெறுமையாக உள்ள ஒரு துளையைக் கவராயத்தால் அளந்து, அதன் விட்டம், ஆழம், விளிம்பிலிருந்து அதன் தொலைவு ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுக. அந்த அளவுகளைச் சொல்லி இரும்புக்கடைக்காரரிடம் பாகம் கேட்பதுபோல் ஓர் உரையாடல் எழுதுக.

உ. கடிதம் எழுதுக.
நீங்கள் வாங்கிய புத்தக அடுக்கில் சுவர்ப் பிணைப்பு இரும்பு இல்லை. அதை மட்டும் அனுப்புமாறு விற்பனையாளருக்கு ஒரு கடிதம் எழுதுக.